இறவாணத்துப் பீங்கான்

போன வாரம் மாட்டுக்கொட்டாய் கூரையைப் பிரிச்சப்போ இறவாணத்துல ஒரு பீங்கான் தட்டு கிடைச்சது. நல்ல கனம். பின்பக்கம் முத்திரையை மக படிச்சுட்டு, "அயர்ன்ஸ்டோன் சைனாப்பா, இங்கிலாந்துல செஞ்சது" என்றாள். 1813-ல் மேசன் என்பவர் அங்கே காப்புரிமை வாங்கிய சரக்காம். பேருலதான் இரும்பு; உறுதியைச் சொல்ல வெச்ச பேரு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போனா விலை போகும்.

"இதுல யாருப்பா சாப்பிட்டாங்க?"

எனக்கு நாக்கு எழவில்லை. எங்களுக்கு ஏர் ஓட்டினவருக்கு ஆயா ஒதுக்கி வெச்ச தட்டு. எந்தத் துரை வீட்டு ஏலத்துல வந்ததோ, பீங்கான் வீட்டுக்குள்ள ஆகாதும்பாங்க. அவர் வாசல்ல களி தின்னுட்டு, தானே கழுவி, இறவாணத்துல செருகிட்டுப் போவார். நாங்க உள்ளே நசுங்கின அலுமினியத் தட்டுல தின்னோம்.

மறைக்காம மககிட்டச் சொன்னேன். விற்க மனசு வரலை. அவர் பேரன் போளூர்ல இருக்கார். தட்டை அவர்கிட்ட நீட்டினா அதுவே இன்னொரு அவமானமா ஆயிடுமோன்னு பயம். ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். முதல்ல உள்ளே உக்காந்து ஒண்ணா சாப்பிடணும். தட்டை என்ன செய்யறதுன்னு அப்புறம் அவர்தான் சொல்லணும்.