ஈற்றுக் கொட்டகையின் இரவு வேலை

குட்டி விழுந்ததும் அந்த அக்கா முதலில் அதன் மூக்கையும் வாயையும் துணியால் துடைக்கிறார். அடுத்து தொப்புள்கொடி. நூலால் இறுக்கிக் கட்டி, இரண்டு விரற்கடை விட்டு நறுக்கி, சின்ன டப்பாவில் இருக்கும் அயோடின் கரைசலில் நுனி முழுக்க நனைகிற மாதிரி முக்குகிறார். பிறகு குட்டியைத் தூக்கித் தாயின் முன்பக்கக் காம்பில் வாயை வைத்துப் பிடிக்கிறார். சப்புகிற சத்தம் கேட்கும்வரை கையை எடுப்பதில்லை. அதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

பவானிக்கும் அந்தியூருக்கும் நடுவே உள்ள வெண்பன்றிப் பண்ணை அது. வளர்ந்த பன்றிகள் பெரும்பாலும் கேரளத்துக்கு லாரி ஏறுகின்றன. பண்ணைக்காரர் கடன் வாங்கிக் கட்டிய கொட்டகை. ஈற்றுக் கொட்டகை முழுக்க அந்த அக்கா பொறுப்பு. நான் அங்கே போனதற்குக் காரணம், பால் குடிக்கும் பருவத்திலும் பால் மறக்கும் பருவத்திலும் குட்டிகள் திடீரென்று செத்துப் போவதைப் பற்றிக் கால்நடை மருத்துவர் ஒருவர் சொன்ன விவரங்கள். ராத்திரி நன்றாக இருந்த குட்டி காலையில் காது கருநீலமாகிக் கிடக்கும். உயிரோடு இருந்தால் பக்கவாட்டில் சாய்ந்து, காற்றில் நீந்துவதுபோல் கால்களை உதைத்துக்கொண்டிருக்கும். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். மருத்துவர்கள் செப்டிசீமியா என்பார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ், ஈ கோலை, சால்மோனெல்லா, வளர்ந்த பன்றியின் தோலில் வைர வடிவத் தடிப்புகளை எழுப்பும் எரிசிபெலோத்ரிக்ஸ் என்று இதற்குக் காரணமான கிருமிகள் பல.

இவற்றில் ஸ்ட்ரெப்டோகாக்கஸை வாசலில் மருந்துத் தொட்டி வைத்துத் தடுத்துவிட முடியாது. நன்றாகத் தின்று கொழுத்திருக்கும் தாய்ப்பன்றியின் தொண்டைச் சதையிலேயே அது குடியிருக்கிறது. பிறக்கும்போதே, தாய் மூக்கோடு மூக்கு வைத்து முகரும்போதே, குட்டிக்கு வந்துவிடுகிறது. பெரும்பாலான குட்டிகள் அதைச் சுமந்தபடி நலமாக வளர்கின்றன. அப்படியானால் சில குட்டிகளில் மட்டும் அது தொண்டையை விட்டு ரத்தத்துக்குள் போவது எப்படி? இந்தக் கேள்விக்கான விடையில் முக்கால் பங்கு அந்த அக்காவின் கைகளில் இருப்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பாற்றல் கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்கிறது. பன்றிக்கு அந்த வழி இல்லை. அதன் நஞ்சுக்கொடியின் திசு அடுக்குகள் எதிர்ப்புப் புரதங்களை உள்ளே விடுவதில்லை. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்குக் கிடைக்கும் ஒரே காப்பு சீம்பால். அதிலும் நேரக்கணக்கு கறாரானது. குட்டியின் குடல் அந்தப் புரதங்களை அப்படியே ரத்தத்துக்குள் விடுவது ஏறக்குறைய முதல் 24 மணி நேரம்தான். பாலில் உள்ள புரதமோ ஈன்ற சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு குட்டிகள் போடும் தாய்க்கு ஈற்று முடிய மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். கடைசியில் வரும் குட்டி ஏற்கெனவே மூச்சுத் திணறிச் சோர்ந்து வருகிறது. அது காம்பைத் தேடிப் போவதற்குள் முன்னே பிறந்த கொழுத்தவை இடம் பிடித்திருக்கும். ஒரு குட்டிக்கு 200 முதல் 250 கிராம் சீம்பாலாவது வேண்டும்.

அக்கா இதற்குச் செய்வது எளிய வேலை. வயிறு நிரம்பிய குட்டிகளின் முதுகில் நீல மையால் கோடு போட்டு, பல்பு தொங்கும் பெட்டிக்குள் ஒரு மணி நேரம் அடைத்துவிடுகிறார். அந்த நேரத்தில் சின்னவை குடிக்கின்றன. “பெருசுக கத்தும் தம்பி, கத்தட்டும். சின்னதுக்கு இந்த ராத்திரி போனா அடுத்த ராத்திரி கிடையாது” என்றார். பெட்டிக்குள் பல்பு எரிவதும் காரணத்தோடுதான். பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி சூடு வேண்டும். தாய்க்கோ 20 டிகிரி வாக்கில் இருந்தால்தான் சுகம். குளிரில் விறைத்த குட்டி பால் குடிக்க எழுவதில்லை. எழாத குட்டிக்குக் காப்பு இல்லை.

பகலில் ஒரு வாரக் குட்டி ஒன்றைத் தூக்கி அதன் முன்னங்கால் முட்டியைக் காட்டினார். மயிர் உதிர்ந்து, காசளவுக்குத் தோல் உரிந்து, ஓரத்தில் பொருக்கு கட்டியிருந்தது. பால் குடிக்கும்போது குட்டி முட்டி போட்டுத் தாயின் மடியை முட்டித் தள்ளும். சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் நாளெல்லாம் இப்படி உராய்ந்தால் இரண்டு மூன்று நாளில் தோல் போய்விடும். சாணமும் மூத்திரமும் கலந்த ஈரம் அந்தப் புண்ணில் படுகிறது. அங்கே புகுந்த கிருமி பக்கத்து மூட்டில் சீழ் பிடிக்க வைக்கிறது, ரத்தத்திலும் ஏறுகிறது. பண்ணைக்காரர் புதுக் கொட்டகைக்கு லட்சக்கணக்கில் செலவு செய்தவர். தரையை வழவழப்பாகப் பூசுவது ஒரு கொத்தனாரின் அரைநாள் வேலை, அதை விட்டுவிட்டார். இப்போது அக்கா காய்ந்த சாக்குகளை மடியருகில் விரித்து, நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

கிருமி நுழையும் இன்னொரு வாசல் ஊசிப்பல். குட்டி எட்டுக் கூரிய பற்களோடு பிறக்கிறது. தாயின் மடியைக் கடிக்கும் என்று அவற்றை நறுக்குவது வழக்கம். ஈறோடு ஒட்ட நறுக்கினால் பல் பிளந்து உள்சதை திறந்துகொள்ளும். ஒரே கட்டரை மருந்தில் நனைக்காமல் குட்டிக்குக் குட்டி கொண்டுபோனால் ஒன்றின் வாய்க் கிருமி எல்லாவற்றுக்கும் போகும். மூன்றாம் நாள் போடும் இரும்புச்சத்து ஊசியும் அப்படித்தான். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு என்பதால் அந்த ஊசி கட்டாயம். ஆனால் ஒரே ஊசி முனையால் கொட்டகை முழுக்கக் குத்திக்கொண்டே போவது நோயைக் கையால் பரிமாறுவதற்குச் சமம். இங்கே ஈற்றுக்கு ஒரு முனை என்று வைத்திருக்கிறார்கள். பல் நறுக்குவதை, தாயின் மடியில் காயம் கண்டால் மட்டும் என்று குறைத்துவிட்டார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

பால் மறந்த குட்டிகளின் கொட்டகையில் நின்றபோது எனக்கு வாடை பெரிதாகத் தெரியவில்லை. “உட்கார்ந்து பாருங்க” என்றார் அக்கா. குத்துக்காலிட்டு உட்கார்ந்ததும் கண் எரிந்தது. குட்டியின் மூக்கு இருக்கும் உயரத்தில் மூத்திரத்தின் அமோனியா தேங்கியிருந்தது. மார்கழிக் குளிருக்குப் பயந்து தார்ப்பாயை இரவெல்லாம் மூடிவைத்ததன் விளைவு. அமோனியா மூச்சுக்குழாயின் உட்தோலை அரிக்கிறது. கிருமி உள்ளே போக அதுவே போதும். பால் மறக்கும் இதே பருவத்தில்தான் தாயிடம் வாங்கிய காப்பும் தேய்ந்து போகிறது, தீவனம் மாறுகிறது, வெவ்வேறு ஈற்றுக் குட்டிகளை ஒன்றாகச் சேர்ப்பதால் சண்டையும் காதுக் கடியும் வருகின்றன. நெருக்கமும் ஏதாவது ஒரு வைரஸும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போட்ட பண்ணைகளில் வைரஸ் முன்னே போய் உடம்பைத் தளர்த்த, பாக்டீரியா பின்னாலேயே நுழைகிறது.

காது நீலமானதெல்லாம் பாக்டீரியாதான் என்று பண்ணையிலேயே முடிவு கட்டி ஊசி போடுவது ஆபத்து. 2020-இல் அசாமில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலிலும் காது இப்படித்தான் மாறும். அதற்கு மருந்து கிடையாது. கொதிக்க வைக்காத ஓட்டல் எச்சத்தோடு அது பண்ணைக்குள் வரும். மருத்துவரைக் கூப்பிட்டு மாதிரி அனுப்புவது ஒன்றுதான் வழி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் தொடக்கத்திலேயே போடும் பென்சிலின் பெரும்பாலும் கேட்கும். உதைத்துக்கொள்ளும் குட்டியைத் தனியே பிரித்து, வாயில் தண்ணீர் விட்டு, புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மனிதருக்கும் வரும். 1968-இல் டென்மார்க்கில் முதன்முதலாக மனிதரிடம் கண்டறியப்பட்டது. 2005-இல் சீனாவின் சிச்சுவானில், நோயுற்ற பன்றிகளை வெட்டியவர்களும் கையாண்டவர்களுமாக 200-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றி, 38 பேர் இறந்தார்கள். மூளைக்காய்ச்சலில் பிழைத்தவர்கள் பலருக்குக் காது கேட்காமல் போகிறது. கிருமிக்குக் கையில் ஒரு சிறு கீறல் போதும்.

அக்காவின் வலது ஆட்காட்டி விரலில் பல் கட்டர் பட்ட வெட்டு இருந்தது. கையுறை வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் சிசேரியன் அறைக் கையுறை மாதிரி மெல்லியது, முதல் குட்டியிலேயே கிழிகிறது. காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “ஆசுபத்திரிக்குப் போவேனுங்க. பன்னிப் பண்ணையில வேலைன்னு மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னா தள்ளி நின்னு பார்ப்பாங்க.”

அந்தப் பதிலில் எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் அல்ல. இந்தத் தொழிலைச் செய்கிறவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைத்த ஊர், இன்று அவர்களின் காய்ச்சலுக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழியையும் அடைத்து வைத்திருக்கிறது. என்ன வேலை செய்கிறார் என்பது தெரிந்தால்தான் மருத்துவர் சரியான சோதனைக்கு அனுப்புவார். பண்ணையின் பெயரும் வேலையும் எழுதிய ஓர் அட்டையை, மருத்துவர் பார்க்க வேண்டிய இரண்டு வரிகளோடு ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுக்கலாம். பண்ணைக்காரரிடம் சொன்னேன். செய்கிறேன் என்றார்.

அக்காவுக்கு அதைவிட முக்கியமான கோரிக்கை இருந்தது. அந்த வாரம் மூன்று தாய்கள் ஒரே நேரத்தில் ஈன இருந்தன. ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்றின் கடைசிக் குட்டி சீம்பால் இல்லாமல் கிடக்கும். “ராத்திரிக்கு இன்னொரு ஆள் போடுங்கண்ணா, எங்கூடவே நிக்கட்டும், நான் கத்துக் குடுக்கறேன்” என்று என் முன்னாலேயே கேட்டார். பண்ணைக்காரர் தை பிறக்கட்டும் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “வெள்ளிக்கிழமை ராத்திரி ஈனறதுக்கு தையில வர்ற ஆளு என்ன பண்ணுமுங்க?” பண்ணைக்காரர் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தீவனம் அள்ளும் பையனை அன்று மாலையே ஈற்றுக் கொட்டகைக்கு மாற்றினார். இரவுக்கூலி எவ்வளவு என்று பேசிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பேருந்து வந்துவிட்டது.