கிணற்றுக் கொத்தமல்லி

எங்கள் மாமி யாழ்ப்பாணத்துக்கு வந்தது ஒரே ஒரு தடவைதான். அக்குறணையில் சுபஹுக்குப் பின் பஸ் ஏறியவர், அஸர் நேரத்தில் வந்து இறங்கினார். மடியில் ஒரு பூச்சாடி. தலைமயிர் போல் மெலிந்த கறுப்புக் காம்புகளில் சின்னச் சின்னப் பச்சை இலைகள். "கொத்தமல்லியா மாமி?" என்று கேட்டுவிட்டேன். தாயும் மகளும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அது பன்னம். மலைநாட்டில் மெய்டன்ஹெயர் என்று சொல்லி ஆசையாக வளர்ப்பார்கள்.

அது மார்கழி மாதம். மழையும் வாடைக்காற்றுமாக ஊரே குளிர்ந்திருந்த நாட்கள். செடி விறாந்தையில் செழிப்பாக நின்றது. பங்குனியில் மாமி மௌத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதன் பிறகு அந்தச் சாடி எங்கள் வீட்டில் வெறும் பூச்சாடியாக இருக்கவில்லை.

சித்திரை பிறந்ததும் இலை ஓரங்கள் கருகத் தொடங்கின. வைகாசியில் சோளகம் வீசியதும் கருகல் காம்பு வரை இறங்கியது. மனைவி காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். நானோ, வெயில்தான் காரணமென்று சாடியைக் கூடத்துக்குள் தூக்கி வந்து, நேராக மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். எனக்குச் சுகமான காற்று அதற்கும் சுகம் தரும் என்று நம்பினேன். ஒரு வாரத்தில் பாதிச் செடி காய்ந்த தேயிலை போலாகிவிட்டது.

"இதுக்கு இந்த ஊர் ஒத்து வராது. எனக்கு மாதிரித்தான்" என்றார் மனைவி. இரண்டாவது வசனத்தை மெல்லத்தான் சொன்னார். எனக்கோ அதுதான் உரக்கக் கேட்டது.

பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் இரண்டு வெப்பமானிகளைத் தந்தார். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்ற வேண்டும். மற்றதைச் சும்மா விட வேண்டும். காற்று உலர்ந்திருந்தால் ஈரத்துணி விரைவாகக் காய்ந்து குளிரும். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் கூடும். ளுஹருக்குப் பின் எங்கள் கூடத்தில் உலர்ந்தது 33 பாகை, ஈரமானது 26 பாகை காட்டின. அட்டவணைப்படி சாரீரப்பதன் ஏறத்தாழ 57 வீதம்.

"57 வீதம் மோசமில்லையே" என்றேன். இந்தப் பன்னத்துக்கு 60 வீதத்துக்கு மேல் நல்லது என்பார்கள். கிட்டத்தட்ட வந்துவிட்டதே என்பது என் கணக்கு. அங்கேதான் அவர் எனக்குப் பாடம் எடுத்தார். 23 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று சுமார் 20 கிராம் நீராவியைத் தாங்கும். 33 பாகையில் 35 கிராமுக்கு மேல் தாங்கும். ஆகவே 57 வீதம் என்று இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைச் சொன்னாலும், குளிர்ந்த காற்றுக்கு இன்னும் 9 கிராமுக்குத்தான் இடமுண்டு. சூடான காற்றுக்கோ 15 கிராமுக்கு இடமுண்டு. அந்தக் குறையை அது இலையிலிருந்து இழுத்துக்கொள்ளும். காற்று வீசினால் இன்னும் வேகமாக இழுக்கும். பன்னத்தின் இலை மெல்லியது. இழந்ததை வேர் அந்த வேகத்தில் கொண்டுவந்து கொடுக்காது. வேரில் எவ்வளவு ஊற்றினாலும் அழுகுமே தவிர இலை நிமிராது.

கண்டிப் பக்கம் சுமார் 500 மீற்றர் உயரம். ஆண்டுச் சராசரி 24, 25 பாகை. இங்கே 28. இந்தச் செடி விரும்புவதோ 16 முதல் 24 பாகை வரை. மூன்று, நான்கு பாகைதானே என்று நாம் நினைக்கிறோம்.

சரி, யாழ்ப்பாணத்தில் குளிர்ந்த, ஈரமான, காற்றடிக்காத இடத்துக்கு எங்கே போவது? இரண்டு நாள் யோசித்தேன். ஒரு நாள் இரவு வேறொரு சொல்லைத் தேடி அரபு அகராதியைப் புரட்டும்போது இந்தச் செடியின் பெயர் கண்ணில் பட்டது: குஸ்பரதுல் பிஃர். குஸ்பரா என்றால் கொத்தமல்லி. பிஃர் என்றால் கிணறு. கிணற்றுக் கொத்தமல்லி! அரபு நாட்டு வெயிலிலும் இது கிணற்றுச் சுவரின் ஈரத்தில் பிழைத்திருக்கிறது. (கொத்தமல்லி என்று நான் சொன்னதற்குச் சிரித்தவர்களுக்கு இதைக் காட்டாமல் விடுவேனா? மகளுக்கு மட்டும்தான் காட்ட முடிந்தது.)

உடனே இன்னொன்று நினைவுக்கு வந்தது. 1990 ஒக்டோபர் 30இல் சோனகத் தெருவை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்து, போர் முடிந்தபின் 2010இல் வந்து பார்த்தால் வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை. கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தேன். உட்சுவர் முழுக்கப் பன்னம்! நீர் ஊற்றவும் பார்க்கவும் ஆளில்லாத இருபது வருடம். அன்று அதைக் குப்பையென்று துப்புரவாக்கச் சொன்னவன் நான்தான்.

மறுநாள் வெப்பமானிகளைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் நான்கு அடி இறக்கினேன். உச்சி வேளையில் 29, 27. ஈரப்பதன் 86 வீதம்.

மனைவி காய்ந்த காம்புகளையெல்லாம் மண்மட்டத்தோடு வெட்டினார். கருகிய இலை மீளாது. கிழங்கு போன்ற அடித்தண்டு உயிரோடிருந்தால் புதிதாக முளைக்கும். சாடியைக் கயிற்றில் கட்டி, நிழல் விழும் பக்கமாகக் கிணற்றுக்குள் தொங்கவிட்டோம். மண் காயாமல் பார்த்துக்கொண்டார், ஊறவும் விடவில்லை. எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தல் அடியைப் பார்த்தாலே தெரியும். ஆனால் சுண்ணாம்புப் பாறையிலும் வளரும் செடிக்கு அது குறையாகப்படவில்லை. மூன்றாவது வாரம், குழந்தையின் மூடிய விரல்போலச் சுருண்ட தளிர் ஒன்று வந்தது. முதலில் கண்டவர் அவர்தான். ளுஹா தொழுதுகொண்டிருந்த என்னை ஸலாம் கொடுக்கும்வரை கூடப் பொறுக்காமல் கூப்பிட்டார்.

இப்போது வீட்டுக்குள்தான் இருக்கிறது. கூடத்தில் அல்ல, கிணற்றடியை ஒட்டிய குளியலறை யன்னலில், மின்விசிறி இல்லாத இடத்தில். பெரிய மண்சட்டியில் மணல் போட்டு நனைத்து, அதற்குள் சாடியை வைத்திருக்கிறோம். சோளகம் வீசும் மாதங்களில் மட்டும் மறுபடி கிணற்றுக்குள் போகும்.

சென்ற விடுமுறையில் அடித்தண்டை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அக்குறணைக்குக் கொண்டுபோனோம். மாமியின் வீட்டிலிருந்த தாய்ச்செடி, கவனிக்க ஆளின்றி எப்போதோ பட்டுப்போயிருந்தது. பஸ்ஸில் யன்னலோரம் காற்றடிக்கும் என்று மனைவி என்னை உள்பக்கம் உட்காரச் சொன்னார். சாடி போகும்வரை என் மடியில்தான்.