சங்குப்பிட்டிக் காற்றும் என் முச்சக்கர வண்டியும்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-32 வீதியால் பூநகரிக்குப் போகிறவர்கள் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடக்க வேண்டும். 288 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் அங்கே படகுப் பாதைதான் இருந்தது. போரில் அதுவும் நின்றுபோனது. இப்போது இரு பக்கமும் கடலேரி, நடுவே கறுத்தக் காப்பெற் வீதி. மறைப்புக்கு மரமில்லாததால் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்.

அந்தப் பக்கத்தில்தான் நான் முச்சக்கர வண்டி ஓடுகிறேன். வீட்டில் அடுப்பெரிவது அந்த வண்டியால்தான். முச்சக்கர வண்டிக்குச் சட்டம் விதித்த 40 கிலோமீற்றர் வேகத்தை நான் தாண்டியதில்லை. அதனால் எனக்கு ஒன்றும் நடக்காது என்றே நம்பியிருந்தேன்.

ஓர் ஐப்பசி மாதம், முதல் மழை தூறி ஓய்ந்த நேரம். வளைவொன்றில் கட்டாக்காலி மாடு குறுக்கே வந்தது. பின்னால் மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறேக்கை முழுப் பலத்தோடு மிதித்து ஹாண்டிலைத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை. நேரே வழுக்கிப் போய், வீதியோரக் கிரவலில் ஒரு பக்கச் சில்லு எழும்பி விழ, நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் மறுநாள் ஒரு தாய் தன் பிள்ளையை அனுப்பவில்லை. அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. என்னில்தான் எனக்கு நம்பிக்கை போயிற்று.

முன்பு லொறி ஓடிய பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"பிள்ளை, மெதுவாய் ஓடுறது மட்டும் கவனமில்லை. எந்த இடத்தில வண்டி உன்ர சொல்லுக் கேளாது எண்டு தெரிஞ்சிருக்க வேணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு, மழையில் நனைந்த வெறும் விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போனார். நேராக, 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடவிட்டுப் பிறேக்கை அமத்தச் சொன்னார். சில்லு இறுகியதும் வண்டி சவர்க்காரம் போல வழுக்கியது. "இப்பக் காலைக் கொஞ்சம் இளக்கு" என்றார். இளக்கியதும் சில்லு உருண்டது. உருண்டதும் ஹாண்டில் சொல்லுக் கேட்டது. உருளாத சில்லு திரும்பாது என்பது அன்றுதான் விளங்கியது. சில்லு இறுகாமல் காக்கும் கருவி புதிய கார்களில் உண்டு; என் வண்டியில் அந்த வேலையை என் கால்தான் செய்ய வேண்டும்.

வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றும் சொல்லித் தந்தார். முன்னால் ஒரே சில்லு. வளைவுக்குள் பிறேக் பிடித்தால் பாரம் முன்னுக்கும் வெளிப்பக்கமும் சாய, உட்பக்கச் சில்லு எழும்பும். வேகம் இரண்டு மடங்கானால், பிறேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். முதல் மழையில் வீதியிலுள்ள எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும். காப்பெற்றில் பரவிக் கிடக்கும் மணலும் அப்படித்தான். தேய்ந்த ரயர் என்றால் சொல்லவே வேண்டாம்.

"இது வேகமாய் ஓடப் பழகிறதில்லை. இந்த இடத்துக்குக் கிட்டவும் போகாமல் ஓடப் பழகிறது" என்றார் கடைசியாக.

இப்போது மழை நாளில் பாலத்தில் ஏறுமுன்னரே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். முன்னால் போகும் வாகனத்துக்கு இரண்டு மடங்கு இடம் விடுகிறேன். அந்தத் தாய் இரண்டு கிழமை படலையில் நின்று நான் போவதைப் பார்த்தார். பிறகு ஒருநாள் கையைக் காட்டி மறித்துப் பிள்ளையை ஏற்றிவிட்டார். ஒன்றும் பேசவில்லை.

வண்டி பழகும் சகோதரிகளே, அனுமதிப்பத்திரம் எடுத்ததோடு நிறுத்திவிடாதீர்கள். அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்து, ஆளில்லாத திடலில், யாரையும் ஏற்றாமல், மெதுவான வேகத்தில் பிறேக்கைப் பிடித்துப் பாருங்கள். வண்டியின் எல்லையை வீதியில் அறிய நேரக்கூடாது.