ஆவுளியா மேயும் கடல்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சீமை நான்கு புறமும் நிலத்தால் சூழப்பட்டது. 1948-ஆம் ஆண்டில் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்து திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. பிறகு 1974-ல் புதுக்கோட்டையைத் தனி ஜில்லா ஆக்கியபோது, தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து அறந்தாங்கிப் பக்கத்தைப் பிரித்து இதனுடன் சேர்த்தார்கள். அதனோடு சுமார் 40 கிலோ மீட்டர் நீளமுள்ள கடற்கரையும் சீதனமாக வந்து சேர்ந்தது. சீதனம் வந்து இத்தனை வருஷமாகியும் அதன் மதிப்பைப் புதுக்கோட்டைக்காரர்களிலேயே பலர் அறியமாட்டார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

சென்ற சித்திரையில் நாமும், நண்பர் ஒருவரும், அவருடைய பத்து வயதுப் புத்திரனும் மணமேல்குடிக் கடற்கரையில் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்கினோம். மணமேல்குடி சாமானியமான ஊர் அல்ல. பாண்டியனுக்கு மந்திரியாயிருந்த குலச்சிறை நாயனார் அவதரித்த ஊர் அது. அங்குள்ள கடற்கரையைக் கோடியக்கரை என்று அழைக்கிறார்கள். வேதாரண்யத்துக்கு அப்பால் இருக்கும் கோடியக்கரை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ரயில் ஏறிவிட வேண்டாமென்று நேயர்களை எச்சரிக்கிறோம்.

நண்பரின் புத்திரனுக்கு ஒரே ஓர் ஆசைதான். திமிங்கிலம் பார்க்க வேண்டும். "மாமா, அது எத்தனை மணிக்கு வரும்?" என்று, ஏதோ பாஸஞ்சர் வண்டியைப் பற்றிக் கேட்பதுபோல் அறந்தாங்கியிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தான். 'திமி' என்றால் பெரிய மீன், அதை விழுங்குவது 'திமிங்கிலம்', அதையும் விழுங்குவது 'திமிங்கிலகிலம்' என்று வடமொழி அறிவை அவிழ்த்துவிட்டுச் சற்று நேரம் சமாளித்தோம். ஆனால் உண்மையைச் சொல்லாமல் தீரவில்லை. இந்தக் கடலில் திமிங்கில தரிசனத்தை எதிர்பார்ப்பதற்கில்லை.

காரணம் ஆழம். இலங்கைக்கும் நமக்கும் நடுவேயுள்ள இந்தக் கடலுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையில் கவர்னராயிருந்த ராபர்ட் பாக் என்ற வெள்ளைக்காரரின் பெயரை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ளது. நீலத் திமிங்கிலமோ 25 மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. இங்கே வந்து அது நெட்டுக்குத்தலாக நின்றால் பாதி உடம்பு வெயிலில் காயும். திரிகோணமலையில் கரைக்கு அருகிலேயே அதலபாதாளமான பள்ளத்தாக்கு இருப்பதால் அங்கே திமிங்கிலங்கள் வருகின்றன. பார்க்கப் பிரயாணிகளும் போகிறார்கள். நம் நாட்டில் மணப்பாட்டுக் கரையோரம் 2016 ஜனவரியில் எண்பதுக்கு மேற்பட்ட சிறு திமிங்கிலங்கள் கூட்டமாக வந்து ஒதுங்கின. மீனவர்கள் அவற்றைப் பிடித்துத் தள்ளிக் கடலில் விட்டார்கள். அவற்றில் பல திரும்பத் திரும்பக் கரைக்கே வந்து மாண்டன. அத்தகைய தரிசனம் நமக்கு வேண்டாம்.

"அப்படியானால் இந்தக் கடலில் ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டான் பையன். இருக்கிறது. எந்த ஆழக்குறைவு திமிங்கிலத்தைத் தடுக்கிறதோ அதுவே இன்னொரு பிராணிக்கு வாழ்வளிக்கிறது. ஆழம் குறைந்தால் சூரிய வெளிச்சம் அடித்தரை வரை போகும். வெளிச்சம் போனால் புல் முளைக்கும். நாம் சொல்வது பாசியை அல்ல. வேரும் இலையும் பூவும் உள்ள அசல் புல். அந்தப் புல்லை மேய்கிறது கடற்பசு. இந்தக் கரையில் அதற்கு ஆவுளியா என்று பெயர். மூன்று மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் இருக்கும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ புல் தின்னும். திமிங்கிலத்துக்கு அது உறவு அல்ல. யானைக்குத்தான் தூரத்துப் பங்காளி. குட்டிக்குப் பால் கொடுக்கும். அந்தக் குட்டியும் ஒரு பேற்றுக்கு ஒன்றுதான். அடுத்தது பிறக்க மூன்று வருஷமும் ஆகலாம், ஏழு வருஷமும் ஆகலாம்.

மறுநாள் விடியற்காலம், வலை எடுக்கப் போகும் பெரியவர் ஒருவருடைய வல்லத்தில், மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினோம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடி தடை. முந்தின நாள் மாலை கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் அவை வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்த்து வந்திருந்தோம். ஆகவே கடலில் அரவமே இல்லை. தண்ணீர் எண்ணெய் வார்த்ததுபோல் அசையாமல் கிடந்தது. ஓரிடத்தில் பெரியவர் இயந்திரத்தை நிறுத்தினார். கீழே பச்சை ஜமக்காளம் விரித்தாற்போல் புல்வெளி. நடுவே கோடு கோடாக மணல் தெரிந்தது.

"மேஞ்ச தடம், ஐயா. வேரோட பிடுங்கித் தின்னும்" என்றார்.

"கொஞ்சம் உள்ளே போய்த் தேடலாமா, பெரியவரே?"

"தேடப்படாதுங்க. தொரத்துனா மூச்சடக்கிக்கிட்டுப் போயிரும். அதுவா வந்தாத்தான் உண்டு."

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். திமிங்கிலத்தைப் போல மூச்சைப் பீச்சியடித்துத் தன் வருகையை விளம்பரம் செய்யும் வழக்கம் இதற்கு இல்லை. சில நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்கை மட்டும் நீட்டி மூச்சு வாங்கும். அதற்கு ஒரு விநாடி, இரண்டு விநாடி போதும். 'புஸ்' என்று ஒரு சத்தம். வல்லத்தின் இடப்புறம், கவிழ்த்த பானையின் முதுகு மாதிரி ஏதோ எழும்பிற்று, உடனே காணோம். நாமும் நண்பரும் பார்த்துவிட்டோம். பையன் வலப்புறம் பார்த்துக்கொண்டிருந்தான்! அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மேலும் அரை மணி காத்தோம். அது வரவில்லை.

"போகட்டும் தம்பி, நானே வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு தரம்தான் பாக்குறேன்" என்று பெரியவர் அவனைத் தேற்றினார். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்: "எங்க சின்ன வயசுல இதைத் தின்னுருக்கோம். ஆட்டுக்கறியாட்டம் இருக்கும். ஒண்ணு பட்டா ஊருக்கே பங்கு."

அதைச் சொல்வதில் அவருக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. கொல்லக்கூடாது என்று 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் சொல்கிறது. ஆனால் வலைக்குச் சட்டம் தெரியாது. வலையில் சிக்கிய ஆவுளியா மூச்சுக்கு மேலே வர முடியாமல் நீருக்குள்ளேயே திணறிச் சாகிறது. சில வருஷங்களுக்கு முன் இவர் வலையிலும் ஒன்று சிக்கியது. வலையை அறுத்து விட்டார்.

"வலைக்கு நஷ்டம்?"

"புது வலைங்க" என்று சிரித்தார். "அறுக்கையில கை வரல. பொறவு அது பெருமூச்சு விட்டுச்சு, மனுசன் மாதிரி. அறுத்துட்டேன்."

பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் கரையோரம் 448 சதுர கிலோ மீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசாங்கம் 2022 செப்டம்பர் 21-ல் அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. நாடு முழுவதிலும் எஞ்சியிருப்பவை இருநூற்றுச் சொச்சம்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் கடலில்தான். சிக்கியதை விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறையார் பாராட்டும் வெகுமதியும் அளிப்பதுண்டு. அளிக்கட்டும். கடலில் வேலி போட முடியாது. கடைசியில் காரியம் விடியற்காலத்தில் தன்னந்தனியாக வல்லத்தில் இருக்கும் ஒருவர் கையிலுள்ள கத்தியைப் பொறுத்ததாக இருக்கிறது.

இதன் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று வடக்கே பேரிங் சமுத்திரத்தில் இருந்தது. எட்டு மீட்டர் நீளம். 1741-ல் ஐரோப்பிய மாலுமிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். மாமிசம் ருசியாக இருந்தது. 1768-க்குப் பிறகு அது இல்லை. கண்டுபிடித்துத் தின்று தீர்க்க இருபத்தேழு வருஷம் போதுமானதாக இருந்தது!

வெயில் ஏறுவதற்குள் பெரியவர் தம் வலையை எடுத்தார். கொஞ்சம் நண்டும், கைப்பிடி அளவு மீனும் கிடைத்தன. வலையின் ஒரு முனையில் பச்சை இலைகள் நாடா நாடாகச் சுற்றியிருந்தன. பையன் அவற்றில் ஒன்றை எடுத்து, வேர் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேர் இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.