கேட்டேளா

அந்த ரீலில் வில்லுப்பாட்டு இரண்டு முறை தொடங்குகிறது. முதலில், இரண்டு வயல் தள்ளி எங்கோ நடப்பதுபோல, குடத்தின் அடியும் வில்மணியின் குலுங்கலும் மங்கலாக வந்து போகும். பிறகு அமைதி. ஐந்தரை விநாடி கழித்து அதே குடம், அதே மணி, காதருகில் வந்து விழும். முதல் தடவை கேட்டபோது பக்கத்துக் கோயிலில்தான் ஏதோ கொடைவிழா என்று நினைத்து எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். வெளியே தவளைச் சத்தம் மட்டும் இருந்தது.

டேப் கையாள்கிறவர்கள் இதைப் பிரிண்ட் த்ரூ என்பார்கள். டேப்பில் பதிந்த ஒலி காந்தமாகத்தான் இருக்கிறது. சுருளில் ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று ஒட்டிக் கிடக்கும்போது, அழுத்தமான ஒலி தன் மேல் சுற்றிலும் கீழ்ச் சுற்றிலும் லேசாகத் தடம் பதித்துவிடும். ஓடவிடும்போது முந்தைய சுற்றில் பதிந்த தடம் முதலில் வரும், நிஜ ஒலி பிறகு வரும். வெக்கை கூடக்கூட இது கூடும். எனக்கு வந்த ரீல்கள் நெடுங்காலம் ஓட்டுக்கூரையின் அடியில் ஒரு மச்சில் கிடந்தவை.

தையல் டேப்பை எடுத்து ரீலின் வெளிச்சுற்றை அளந்தேன். ஏறக்குறைய 52 சென்டிமீட்டர். டேப் ஓடும் வேகம் விநாடிக்கு 9.5 சென்டிமீட்டர். வகுத்தால் ஐந்தரை விநாடி. ரீல் ஓட ஓடச் சுருள் மெலியும், இடைவெளியும் குறுகும். கடைசியில், மங்கலப் பாட்டு நெருங்கும்போது, நிழலுக்கும் நிஜத்துக்கும் இடையே இரண்டு விநாடிதான். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

வில்லுப்பாட்டில் ஏற்கெனவே ஓர் எதிரொலி உண்டு. வலத்தே பாடுகிறவர் ஓர் அடியைப் பாடினால் இடத்தே பாடுகிறவர் அதை வாங்கித் திருப்பித் தருவார். பாட்டுக்குப் பின்னால் வரவேண்டியதை அவர் பார்த்துக்கொள்கிறார். முன்னால் வருவதை, மச்சில் கிடந்த வருடங்களில், டேப் தானாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

ரீல் பெட்டியின்மேல் பால்பாயிண்ட் பேனாவில் ‘கொடை, 2ஆம் நாள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்த ஊர், எந்தக் கோயில், யார் பாட்டு, எதுவும் இல்லை. நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் சவுண்ட் சர்வீஸை மூடிவிட்ட ஒருவரிடம் அக்காய் 4000 டிஎஸ் ரீல் மெஷினை வாங்கியபோது, சாக்கில் கட்டி அவர் கூடவே கொடுத்த பதினோரு ரீல்களில் இது ஒன்று. அந்த மெஷினில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன உலோக உறை. டேப்பை இழுத்துச் செல்லும் அச்சில் அந்த உறையை மாட்டினால் வேகம் இரட்டிப்பாகும், கழற்றினால் பாதியாகும். ஒரு மோதிரத்தைப் போட்டுக் கழற்றுகிற வேலைதான். எந்தப் பட்டனும் அந்த நிறைவைத் தராது.

மாடியறையில் அதுவும் இரண்டு கேசட் டெக்குகளும் ஒரு மிக்ஸரும் இருக்கின்றன. நம் ஊர் ஈரம் இவற்றுக்குப் பகை. இடவப்பாதியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை; இடையில் மலையோரத்துச் சாரல். போன வருஷம் ஒரு டெக்கைத் திறந்தால் பெல்ட் தார்போல உருகிப் புல்லியைச் சுற்றிப் படிந்திருந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு ஒரு வாரம் போகவில்லை. டேப்புகளை அரிசிப் பானைபோல மூடியிட்ட டப்பாக்களில் வைத்து, வெயில் அடிக்கும் நாளில் மட்டும் திறக்கிறேன்.

ரீலில் ஓர் இடம் இருக்கிறது. பாட்டு வேகமெடுத்து, உடுக்கு முறுகி, கதையில் வெட்டு விழப்போகிற கட்டம். பாடுகிறவர் சட்டென்று நிறுத்துகிறார். கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நிசப்தத்தில் பெண்களின் குரவை எங்கிருந்தோ மெல்லக் கேட்கிறது. அதன்பிறகுதான் நிஜக் குரவை வெடிக்கிறது, முள் சிவப்பைத் தாண்டி ஒலி கரகரத்துப் போகிறது, யாரோ மைக்கைத் தட்டிவிடுகிறார்கள், சாமி வந்துவிட்டது. 1970களின் பின்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்து இந்தப் பக்கத்துக் கொடைகளில் உட்கார்ந்து வில்லுப்பாட்டைப் பதிவு செய்த ஸ்டுவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளியான தம் நூலுக்குப் பிறப்பையும் இறப்பையும் பாடுதல் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். வெட்டுப்பட்டுச் செத்துத் தெய்வமானவர்களின் கதையில், அந்தச் சாவைப் பாடுகிற இடத்தில்தான் சாமியாட்டம் உச்சத்துக்குப் போகிறது என்பதை அவர் கூர்ந்து கண்டு எழுதியிருக்கிறார். கொடைக்குப் போய்வந்த எவருக்கும் அது தெரியும். ஆனால் குரவை முந்திக்கொண்டு வருவதை இந்த டேப்பில்தான் நான் கேட்டேன்.

டேப் என்பது துருதான். பிளாஸ்டிக் பட்டையில் இரும்பு ஆக்சைடைப் பொடித்துப் பூசியிருப்பார்கள். அந்தத் தவிட்டு நிறம் அதனால் வருவது. ஃபிரிட்ஸ் ஃபிளாய்மர் என்ற ஜெர்மன்காரர் 1928இல் முதலில் காகிதத்தில்தான் பூசிப் பார்த்தார். அதற்கு முன் அவர் செய்துவந்தது சிகரெட் முனைக்குப் பொன்னிறப் பட்டை ஒட்டும் வேலை. இதைப் படித்தபோது மணவாளக்குறிச்சிக் கடற்கரை நினைவுக்கு வந்தது. சிறுவயதில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைச் சணல் கயிற்றில் கட்டி அந்தக் கறுப்பு மணலில் இழுத்துக்கொண்டே நடப்போம். கரை முடியும்போது காந்தத்தின் விளிம்பில் மெல்லிய மீசைபோல மணல் அரும்பியிருக்கும். அங்கே உள்ள இல்மனைட்டும் இரும்பு கலந்ததுதான். மணல் ஆலையில் அதைக் காந்தம் வைத்தே பிரிக்கிறார்கள். அந்தக் காலடி மணலுக்கும் என் மாடியில் சுழலும் பட்டைக்கும் தூரத்து உறவு உண்டு என்று எண்ணிக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த மெஷின்களையெல்லாம் நான் சேர்க்கத் தொடங்கியது வில்லுப்பாட்டுக்காக இல்லை. ஒரே ஒரு கேசட்டுக்காக.

அப்பா தம்மாமில் வேலை பார்த்த வருஷங்களில் எங்கள் வீட்டுக்குக் கடிதம் கேசட்டாகத்தான் வரும். லீவில் வருகிற யாராவது கொண்டுவருவார்கள், திரும்பிப் போகும்போது நாங்கள் கொடுத்தனுப்புவோம். கேசட் ஒன்றுதான். அப்பா பேசியதைக் கேட்டு முடித்ததும் அதன்மேலேயே அம்மை பேசுவாள். அங்கே போனால் அம்மை பேசியதன்மேல் அப்பா பேசுவார். இப்படி எத்தனை கடிதம் அந்த அறுபது நிமிஷப் பட்டையில் எழுதி அழிந்ததோ. மிஞ்சியது கடைசிக் கடிதம், 1984 மாசியில் அம்மை பேசியது. கும்பப்பூ அறுத்து முடித்த வாரம். அந்த வருஷம் ஐப்பசியில்தான் நாகர்கோவிலில் வானொலி நிலையம் வந்தது, நாட்டின் முதல் உள்ளூர் நிலையம் என்றார்கள்; அதற்குள் அப்பாவே வேலையை விட்டு வந்துவிட்டார், கேசட்டும் பெட்டியோடு வந்தது.

அம்மை பேச உட்காருவது பெரிய காரியம். விளக்கு வைத்தபிறகு, எங்களையெல்லாம் அடுக்களையில் இருத்திவிட்டு, நேஷனல் பானசோனிக் டூ இன் ஒன்னைப் பாயின்மேல் வைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்காருவாள். தலைமுடியைக் கோதிக் கட்டிக்கொள்வாள். தொடக்கத்தில் வரும் வெற்றுப் பட்டையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஓடவிட்டுத்தான் சிவப்புப் பட்டனை அழுத்தணும் என்று மாமா சொல்லித் தந்திருந்தார். அதை விட்டால் முதல் வார்த்தை போய்விடும். அவள் உதடு அசைய எண்ணிக்கொண்டே காத்திருப்பதைக் கதவிடுக்கு வழியே பார்த்திருக்கிறேன். பிறகு மைக் இருக்கும் இடத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்துக் கூப்பிடுவதுபோலவே சொல்வாள்: ‘கேட்டேளா…’

புருஷன் பெயரை அவள் சொன்னதே இல்லை. அடுக்களையிலிருந்தும் வயல் வரப்பிலிருந்தும் அப்பாவை அவள் அழைத்தது இந்த ஒரு சொல்லால்தான். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரும் அப்படித்தான் அழைப்பார்கள்.

பத்து வருஷத்துக்கு முன், அம்மை போனபிறகு, ஒரு நல்ல டெக்கில் ஹெட்போன் மாட்டி அதைக் கேட்டேன். மாமா விடச்சொன்ன அந்த வெற்று இடத்தில், எதுவும் பதியாத மூன்று விநாடிக்கு முன்னால், அவள் ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டிருந்தாள். மூச்சளவு குரலில் ‘கேட்டேளா’. பிறகு மௌனம். பிறகு உண்மையாகவே ‘கேட்டேளா… நான்தான் பேசுகேன்.’

அப்புறம் நெல் விலை. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டது. ஆச்சிக்குக் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தது. கடைசிப் பத்து நிமிஷத்தில் அவள் குரல் மெல்ல மெல்ல உயரும், சொற்கள் வேகம் பிடிக்கும். பேட்டரி இறங்கியிருக்கிறது, பதிகிறபோது மோட்டார் மெதுவாகச் சுற்றியதால் இப்போது ஓட்டும்போது வேகமாக வருகிறது. காரணம் தெரிந்தாலும், முப்பத்தைந்து வயதில் பேசத் தொடங்கியவள் முடிக்கும்போது பாவாடை கட்டிய பிள்ளைபோலப் பேசுவது என்னை ஒவ்வொரு தடவையும் நிமிரவைக்கிறது.

அக்காள் மகன் சென்னையில் ஒலிப்பதிவு படித்தவன். போன ஓணத்துக்கு வந்தபோது கேசட்டைக் கணினியில் ஏற்றி, இரைச்சலை எடுத்து, வேகத்தைச் சரிசெய்து கொண்டுவந்தான். ‘கேளுங்க மாமா, ஆச்சி பக்கத்துல இருந்து பேசுற மாதிரி இருக்கு’ என்றான். அப்படித்தான் இருந்தது. தெளிவாக, ஒரே சீரான குரலில், ஒரே ஒரு ‘கேட்டேளா’. அவன் அன்பாகச் செய்தான். நான் அவனை உட்காரவைத்து டெக்கில் மூலத்தைப் போட்டுக் காட்டினேன். வெற்றிடம் வந்தபோது அவன் கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னான். மூன்று தடவை திருப்பிக் கேட்டான். பிறகு, எதையும் தொடாமல், உள்ளது உள்ளபடி இன்னொரு பிரதி எடுத்தான். இரண்டும் இருக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்தோம். ஆனால் கேசட்டைத் தூக்கிப் போடச் சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

அப்பாவுக்கு எண்பத்தாறு நடக்கிறது. காது பாதிதான் கேட்கும். இந்தச் சித்திரையில் ஒரு மாலை, அவரைக் கைப்பிடித்து மாடிக்கு ஏற்றி, சாய்வு நாற்காலியில் இருத்தி, ஹெட்போனை மாட்டிவிட்டேன். நிழல் குரல் அவருக்குக் கேட்டதா என்று முகத்தில் தெரியவில்லை. நெல் விலைக்குத் தலையாட்டினார். குரல் உயர்ந்துகொண்டே போனபோது கண்ணை மூடிக்கொண்டார். ‘நிறுத்தட்டா?’ என்று அம்மை கேட்டு, பட்டன் டக்கென்று விழுந்தது.

அவள் பேச்சு பக்கம் முடியும்வரை நீளவில்லை. அதனால் அதற்கு முந்தைய கடிதத்தின் வால் அழியாமல் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தம்மாமில், ஏதோ ஒரு மின்விசிறியின் அடியில், நாற்பத்துச் சொச்சம் வயது அப்பா பாதி வாக்கியத்தில் தொடங்குகிறார்: ‘…மூட்டுக்குச் சாம்பல் இட்டாச்சா? கிணத்தடி வரிக்கைப் பிலா இந்த வருஷம் காய்ச்சிருக்கா?’

நாற்காலியில் இருந்தவர் கண்ணைத் திறக்காமலே, காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில், பதில் சொன்னார்: ‘அது ஒக்கிப் புயல்ல விழுந்து போச்சுல்லா.’