அடிக்கிறதில்லைத்தானே

எங்கட அப்பா குடிக்கிறதில்லை. சிகரட் இல்லை. சம்பளத்தை வேறெங்கும் கொண்டுபோய்க் கொட்டினதில்லை. அம்மாவுக்கு ஒருநாளும் கை நீட்டினதில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கட ஊரில் ஒரு மனுசன் நல்ல பெயர் எடுக்க இவ்வளவும் போதும். அதனால்தான் நாங்கள் மூன்று பேரும், இரண்டு அக்காமாரும் ஒரு தம்பியும், இதை எழுதுவதற்கு முன் கனநாள் யோசித்தோம். காட்டுவதற்கு எங்களிடம் ஒரு காயமும் இல்லை. ஊர்ப் பெயரையும் எங்கள் பெயர்களையும் விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் எழுதுகிறோம்.

கறியில் உப்புக் கூடினால் அப்பா கத்தமாட்டார். கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போவார். பிறகு ஒரு கிழமை, சிலவேளை மூன்று கிழமை, அம்மாவோடு ஒரு சொல்லும் கதைக்கமாட்டார். எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, "கொம்மாட்டச் சொல்லு, தேத்தண்ணி ஆறிப்போச்சு எண்டு" என்பார். அம்மா அதே குசினிக்குள்தான் நிற்பார். சொந்தக்காரர் வந்தால், "இவவுக்கு உதொண்டும் விளங்காது" என்று சிரித்துக்கொண்டு சொல்லுவார். வந்தவர்களும் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பார். கடைக்குப் போய் வந்தால் துண்டைப் பார்த்து மிச்சக் காசை எண்ணுவார். பத்து ரூபா குறைந்தாலும், "எங்க வைச்சனி?" என்ற கேள்வி வரும். அம்மாவுக்கு ஆர் ஃபோன் எடுத்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைக்கவேண்டும்.

இதெல்லாவற்றையும் விட மோசமானது ஒன்று இருந்தது. முதல் நாள் சொன்னதை அடுத்த நாள் அப்பா சொல்லவேயில்லை என்பார். "நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்? உனக்கு மண்டை பிழைச்சுப்போச்சு." இதை வருஷக்கணக்காகக் கேட்டால் ஒரு ஆளுக்கு என்ன நடக்கும் என்று நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறோம். அம்மா எங்களிடம் மெதுவாக வந்து கேட்பார்: "பிள்ளையள், அப்பா வியாழக்கிழமை எண்டுதானே சொன்னவர்? இல்லாட்டி எனக்குத்தான் மாறிப்போச்சோ?"

அம்மா ஞாபகம் குறைந்த ஆள் இல்லை. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு 'டி' எடுத்தவர். உயர்தரம் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு வந்தது. வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் ரோட்டில் இறங்கியபோது, அம்மா தன் சான்றிதழ்களை ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாராம். படிப்பு அதோடு நின்றது. சான்றிதழ் மட்டும் இன்றைக்கும் அலுமாரிக்குள் இருக்கிறது.

அம்மம்மாவிடம் ஒருக்கா அம்மா வாய்விட்டுச் சொன்னபோது வந்த பதில்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. "அடிக்கிறதில்லைத்தானே பிள்ளை?" அம்மம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. எங்கட ஒழுங்கையில் மட்டும் யுத்தத்தில் புருஷனை இழந்தவர்கள் இருக்கிறார்கள், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டு இன்னும் படம் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வீட்டில் இருக்கிற, உழைக்கிற, அடிக்காத ஒரு புருஷனைப் பற்றி முறையிடுவது நன்றியில்லாத வேலையாகத் தெரியும். இப்படி ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் எத்தனையோ பெண்கள் தங்கட வலியைத் தாங்களே தள்ளுபடி செய்கிறார்கள்.

ஆனால் சட்டம் அப்படி ஒப்பிடவில்லை. இலங்கையின் 2005 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல் ரீதியான வன்முறையோடு நிற்கவில்லை, உணர்வு ரீதியான துஷ்பிரயோகத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஒருவரைத் தொடர்ச்சியாக, பாரதூரமான முறையில் கொடுமைப்படுத்துவதும் இழிவுபடுத்துவதும் அவமானப்படுத்துவதும் அதற்குள் வரும். ஒருநாள் கோபத்தில் வந்த சொல்லை அது சொல்லவில்லை. திரும்பத் திரும்ப நடப்பதைத்தான் சொல்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிசும் விண்ணப்பிக்கலாம். விசாரணைக்கு முன்னரே 14 நாட்களுக்கு ஒரு இடைக்காலக் கட்டளையும், பிறகு 12 மாதம் வரைக்குமான கட்டளையும் கிடைக்கலாம். இதைக் கேட்டவுடன் ஆளை மறியலில் போடமாட்டார்கள், கட்டளையை மீறினால்தான் தண்டனை. "மனுசனை உள்ள தள்ளிப்போட்டு நான் எங்க போறது" என்று பயப்படுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நாடு முழுக்கச் செய்த பெண்கள் நலன் ஆய்வில், துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஐந்தில் ஒருவர். உணர்வு ரீதியான, பொருளாதார ரீதியான வன்முறையையும் கட்டுப்படுத்தும் நடத்தையையும் சேர்த்து எண்ணியபோது அது நூற்றுக்கு 39.8 ஆனது, அதாவது ஐந்தில் இருவர். "அடிக்கிறதில்லைத்தானே" என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கிற பெண்கள் அந்தக் கூடின தொகைக்குள்தான் இருக்கிறார்கள்.

அம்மாவை மாற்றியது இந்தச் சட்டமும் இல்லை, நாங்கள் சொன்ன புத்தியும் இல்லை. "அம்மா, நீங்கள் கெட்டிக்காரி" என்று நாங்கள் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறோம். பிள்ளைகள் பாசத்தில் சொல்கிறார்கள் என்று அவர் அதை ஒதுக்கிவிடுவார்.

2021 இல் எங்கட ஊர் மாதர் சங்கத்தின் பொருளாளர் கனடா போய்விட்டார். அம்மாவின் எழுத்து வடிவு என்பதால், இரண்டு மாதத்துக்கு மட்டும் கணக்கு எழுதித் தரச் சொல்லி சங்கத்தில் கேட்டார்கள். அங்கத்தவர்கள் மாதாமாதம் போடுகிற சின்னச் சேமிப்பு, அதிலிருந்து கொடுக்கிற கடன், திரும்பி வருகிற தவணை. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் புத்தகத்தில் 1,450 ரூபா இடித்தது. ஆர் எடுத்தது என்று ஊருக்குள் குசுகுசுப்பு வேறு. அம்மா இரண்டு இரவு குந்தியிருந்து பார்த்துக் கண்டுபிடித்தார்: ஒருவருடைய தவணையை இரண்டு இடத்தில் பதிந்திருந்தார்கள். ஒருத்தரும் எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் வேறொரு விஷயத்தில் வாக்குவாதம் வந்தபோது ஒரு அன்ரி சொன்னாராம், "அவவிட்டக் கேளுங்கோ, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வீட்டுக்கு வந்து அம்மா அதை எங்களுக்குச் சொன்ன விதம் எங்களுக்கு மறக்காது. ஏதோ பிழையான முகவரிக்கு வந்த கடிதத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அப்பாவின் முகத்தையும் அவருடைய பேச்சையும் தாண்டி, தன்னைப் பற்றி வேறொரு அபிப்பிராயம் வெளியில் இருக்கிறது என்பதே அவருக்குப் புதினமாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு பெண் கொஞ்சம் நிமிரத் தொடங்கினால் வீடு உடனே லேசாகாது, முதலில் கூட இறுகும். "கணக்கே தெரியாதவவிட்டக் கணக்குக் குடுத்திருக்கினம்" என்று அப்பா சொன்னார். கூட்டம் இருக்கிற நாளில்தான் அவருக்கு விருந்தாளிகள் வருவார்கள். ஒருக்கா 19 நாள் பேச்சில்லை. எங்களுக்கு அது 19 நாள் என்று எப்படித் தெரியும் என்றால், அம்மா எழுதி வைத்திருந்தார்.

சங்கக் கணக்கு எழுதத் தொடங்கிய கையோடு அம்மா தனக்கென்று ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கியிருந்தார். இடது பக்கத்தில் வீட்டு வரவு செலவு. வலது பக்கத்தில் திகதி போட்டு, அன்றைக்கு என்ன சொல்லப்பட்டது என்று ஒரு வரி. "செவ்வாய். வெள்ளிக்கிழமை கலியாண வீட்டுக்குப் போவம் எண்டு சொன்னவர்." வெள்ளிக்கிழமை வந்து, "நான் எப்ப சொன்னனான்" என்று கேட்கும்போது, அம்மா கொப்பியைத் தூக்கி அவருக்கு முன்னால் போடவில்லை. அறைக்குள் போய் ஒருக்காப் பார்த்துவிட்டு வந்து தன் வேலையைப் பார்த்தார். "ஏன் காட்டேல்ல?" என்று கேட்டோம். "அவருக்குக் காட்டுறதுக்கு எழுதேல்ல. எனக்கு மாறேல்ல எண்டு எனக்குத் தெரிஞ்சாக் காணும்." 2022 இல் சாமான் விலை கிழமைக்குக் கிழமை ஏறி, "காசெல்லாம் எங்க போகுது" என்ற விசாரணை கூடியபோதும் அம்மாவின் குரல் முந்தி மாதிரி நடுங்கவில்லை. இடது பக்கம் அவரைத் தாங்கியது.

போன வருஷம்தான் பெரிய சோதனை வந்தது. நாங்கள் இருக்கிற வீடும் காணியும் அம்மாவின் சீதனம், உறுதி அம்மாவின் பெயரில். அதில் இரண்டு பரப்பை விற்க அப்பா ஆளும் பார்த்து, நொத்தாரிசிடம் நாளும் குறித்துவிட்டார். இருபது வருஷத்துக்கு மேலாக அம்மா காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தவர். அன்றைக்குப் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "இஞ்சேருங்கோ, நான் இதை வீட்ட கொண்டுபோய் வடிவா வாசிச்சுப்போட்டு வாறன்" என்றார். நொத்தாரிசு, "ஓம், வாசிக்கத்தான் வேணும்" என்றாராம். வீட்டில் அம்மா மூன்று கேள்வி கேட்டார். ஆருக்கு? எவ்வளவுக்கு? என்னத்துக்கு? மூன்றாவதுக்கு ஒழுங்கான பதில் வரவில்லை. அம்மா கையெழுத்து வைக்கவில்லை. காணி அப்படியே இருக்கிறது.

தேசவழமைக்குள் வருகிற எங்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம், கலியாணம் கட்டிய பெண் தன் சொந்தக் காணியை விற்கவே கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று எழுதி வைத்தது. கணவன் தன் முதுசக் காணியை விற்க மனைவியைக் கேட்கத் தேவையில்லை. அவர் சம்மதிக்க மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் எத்தனை பேர் போவார்கள்? உறுதியில் பெயர் இருக்கிற ஆளே வீட்டுக்குள் குரல் இல்லாமல் இருப்பதற்கு அப்பாவைப் போன்ற ஆம்பிளைகள் மட்டும் காரணமில்லை.

"அப்ப ஏன் அம்மா விட்டிட்டுப் போகேல்ல?" என்று எங்கட சிநேகிதர்கள் கேட்கிறார்கள். வீடு அம்மாவுடையது, தம்பி உயர்தரம் படிக்கிறான், எல்லாவற்றுக்கும் மேலாக அது அம்மா எடுக்கவேண்டிய முடிவு. வேறொரு வீட்டில், உயிருக்குப் பயம் இருக்கிற இடத்தில், போவதுதான் சரி. அப்பா மாறிவிட்டார் என்று நாங்கள் எழுதமாட்டோம். பேச்சில்லாத கிழமைகள் இன்னும் வருகின்றன. ஆனால் அந்தக் கிழமைகளில் அம்மா பசித்தால் சாப்பிடுகிறார், முந்தி அப்பா சாப்பிடும் வரைக்கும் பட்டினி கிடப்பார். ஃபோனை ஸ்பீக்கரில் போடுவதில்லை. பிரதேச செயலகத்தில் இருக்கிற உளவளத்துணை உத்தியோகத்தரிடம் நாலு தரம் தனியப் போய்க் கதைத்துவிட்டு வந்தார். பஸ்ஸில்தான் போனார், கேட்டுவிட்டுப் போகவில்லை, சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியான வீட்டில் வளர்கிற பிள்ளைகளுக்கு எங்களிடம் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, தூது போகாதேங்கோ. தம்பிதான் முதலில் சொன்னவன், "அப்பா, அம்மா இஞ்சதான் நிக்கிறா, நீங்களே சொல்லுங்கோ" என்று. இரண்டு, சாட்சியாக இருங்கோ. அம்மா, "வியாழக்கிழமை எண்டுதானே சொன்னவர்?" என்று கேட்டால், "விடுங்கோம்மா" என்று சொல்லாமல், "ஓம் அம்மா, வியாழக்கிழமை எண்டுதான் சொன்னவர், நாங்களும் கேட்டனாங்கள்" என்று சொல்லுங்கோ. அவவுக்கு அந்த நேரம் தேவைப்படுவது அதுதான். காதலிக்கிற ஆளின் ஃபோன் பாஸ்வேர்ட்டைக் கேட்டு வாங்குவதையும், நாலு பேருக்கு முன்னால் பகிடி என்று மட்டம் தட்டுவதையும் பாசம் என்று எடுத்துக்கொள்கிற எங்கட வயதுக்காரருக்கும் இதில் எடுக்க ஏதாவது இருக்கும்.

இதைப் போடமுன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினோம். "அப்பாவைப் பற்றிப் பொய் ஒண்டும் எழுதேல்லத்தானே?" என்று கேட்டார். பிறகு கொப்பியை எடுத்து 1,450 ஐயும் 19 நாளையும் சரிபார்த்துவிட்டு, போடச் சொன்னார். ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னார்: மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம் 1938. தமிழில் கதைக்கலாம். அடி விழும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.