கடற்கரை வீட்டு யன்னலும் நான் பிடித்து வைத்த ஆயிரம் ரூபாயும்



கொஞ்சம் நீளமான பதிவு. கடற்கரைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களாவது கடைசி வரை வாசியுங்கள்.

தம்பி கட்டாரில். கடலுக்கு முன்னால் அவன் கட்டிய வீட்டின் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. வாடைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடு. பெருநாளைக்குக் குடும்பத்தோடு வருகிறேன் என்றான். துப்புரவாக்க ஒரு ராத்தாவைக் கூப்பிட்டேன். பல வருசமாகக் கடற்கரை வீடுகளில் இதே வேலை செய்பவர்.

யன்னல் கண்ணாடியெல்லாம் வெள்ளை பூத்து, கையை வைத்தால் பிசுபிசுத்தது. ராத்தா நாலு யன்னலுக்குப் பைப் தண்ணி அடித்துக் கழுவி முடித்திருந்தார். கடலைப் பார்த்த இரண்டு பெரிய யன்னல்கள்தான் மிச்சம். அதற்குக் கீழே சுவருக்கு அன்றுதான் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"தண்ணி அடிக்க வேணாம், பெயின்ட் பழுதாகும். காஞ்ச சீலையால துடைங்க" என்றேன்.

"மண் ஒட்டியிருக்கு சேர், கீறும்" என்றார்.

"அது உப்பு. உப்பு கண்ணாடியக் கீறாது."

விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார் அல்லவா! அவர் மறுபேச்சுப் பேசாமல் நான் சொன்னபடி துடைத்தார். கூலியை நாளைக்குத் தருகிறேன் என்று அனுப்பினேன். அதுவும் ஒரு பிழை.

மறுநாள் காலை வெயில் நேரே கண்ணாடியில் விழுந்தது. இரண்டிலும் வட்டம் வட்டமாகக் கீறல். கூலி வாங்க வந்தவரிடம், பெயின்ட் பாஸ்மாரும் பக்கத்து வீட்டாரும் நிற்கத்தக்கதாக, "கவனமில்லாமத் தேய்ச்சிருக்கிங்க" என்றேன். 3,000 ரூபாயில் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

பின்னேரம் குசினிப் பக்கச் சின்ன யன்னல் ஒன்று விடுபட்டிருந்ததைக் கண்டு நானே காய்ந்த சீலையால் தேய்த்தேன். நறநறவென்று ஒரு சத்தம். பார்த்தால் அதே கீறல். ராத்தா தண்ணி அடித்த நாலு யன்னலையும் போய்ப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை.

நான் சொன்னது அரைவாசி சரிதான். மோஸ் அளவுத்திட்டத்தில் உப்பின் வன்மை ஏறத்தாழ 2.5, கண்ணாடி 5.5 அளவில். உப்பு கீறாது. ஆனால் கடற்காற்று உப்பை மட்டும் கொண்டுவருவதில்லை. கடற்கரை மணலில் நிறைய இருக்கும் குவார்ட்ஸின் வன்மை 7. சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசினாகிவிடும். அந்தப் பிசினில் மணல் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த சீலையால் தேய்ப்பது மண்கடதாசி போடுவது மாதிரித்தான். இத்தனையும் பாடத்தில் சொல்லிக்கொடுப்பவன் நான். ராத்தா இரண்டே சொல்லில் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

கூலியைப் பற்றி ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்? அன்று இரவு நித்திரை வரவில்லை. சுபஹ் தொழுதுவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போய் 1,000 ரூபாயைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவருடைய மகள் எங்கள் பாடசாலைப் பிள்ளை. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"காசு போனாப் போகட்டும் சேர். நாலு பேருக்கு முன்னால சொன்னதுதான் கஷ்டமாப் போச்சி" என்றார்.

அதனால்தான் இதையும் நாலு பேருக்கு முன்னால் எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை. அந்தப் பெயின்ட் பாஸ்மாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டேன்.

அவரிடம் கேட்டுக்கொண்ட முறை இது:

வெயில் ஏற முன் அல்லது அஸருக்குப் பிறகு கழுவுங்கள். சுட்ட கண்ணாடியில் தண்ணி உடனே காய்ந்து புள்ளி விழும். முதலில் மேலிருந்து கீழே நல்ல தண்ணி அடித்து மண்ணையும் உப்பையும் போகவிடுங்கள். பிறகுதான் சவர்க்காரத் தண்ணியும் மெல்லிய சீலையும். கடற்கரைக் கிணற்றுத் தண்ணி சவராக இருந்தால் கடைசி அலசலுக்கு பைப் தண்ணியோ மழைத் தண்ணியோ பாவியுங்கள். கிணற்றுத் தண்ணியால் படிந்த வெள்ளைக் கறைக்கு, தண்ணி கலந்த வினாகிரி போதும். அலுமினியச் சட்டத்தின் கீழ்த் தவாளிப்பிலும் தண்ணி விடுங்கள், உப்பு தங்கி அரிப்பது அங்கேதான். இரும்புப் பிணைச்சலைத் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் பூசுங்கள். வாடைக்காலம் முடியும் வரை விட்டுவைக்காமல் இடைக்கிடை தண்ணி மட்டுமாவது அடியுங்கள்.

தம்பி வந்து கீறலைக் கண்டான். "யாரு காக்கா?" என்றான். "நான்தான்" என்றேன்.